நின்னு போன கன்ட்ரோலரும் சரசக்கா தம்பி கல்யாணமும்

ஹேங் ஆன கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றதுதாங்க என் தொழில். சிரிக்காதீங்க, நீங்களும் இதைப் பண்ணாதவங்க இல்லை. பேங்க்ல நம்ம டோக்கன் வர்றப்ப பார்த்து "சிஸ்டம் நின்னுருச்சுங்க, சித்தே உக்காருங்க"ன்னு சொல்லுவாங்க. ரேசன் கடையில விரலை வெச்சுட்டு நிப்போம், ஸ்க்ரீன் நம்ம மூஞ்சியையே பாத்துட்டு நிக்கும். அப்பறம் யாராவது ஒருத்தர் பின்னாடி போய் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினதும் எல்லாம் சரியாயிரும். நாம எல்லாரும் ஒரே நோவுக்காரங்கதான்.

என்ன வித்தியாசம்னா, நீங்க கையால பிடுங்கறீங்க, நான் அதுக்கு ஒரு பொட்டி செய்யறேன். பொட்டிக்குள்ள ஒரு டைமர். மெசின் நல்லா இருக்கற வரைக்கும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை "நான் இருக்கேன்"னு அதுக்கு ஒரு சின்ன சிக்னல் அனுப்பிட்டே இருக்கணும். சிக்னல் வரலைன்னா பொட்டி யாரையும் கேக்காது, மெசினுக்குப் போற கரண்டைத் துண்டிச்சு, சித்தே பொறுத்து மறுபடி கொடுக்கும். படிச்சவங்க இதுக்கு வாட்ச்டாக் டைமர்னு பேர் வெச்சிருக்காங்க. புது மெசின்ல இது உள்ளேயே இருக்கும். பழசுல இருக்காது, இருந்தாலும் செஞ்சவன் அதை எழுப்பி விட்டிருக்க மாட்டான். அந்தப் புண்ணியவானுங்களாலதான் எனக்குப் பொழப்பு ஓடுது.

பட்டறை போத்தனூர்ல. நானும் ரபீக் அண்ணனும் மட்டும்தான். அவர் கோட்டைமேட்டுக்காரர், தகரம் வளைக்கறது, ஒயரிங், ரிலே மாட்டறது எல்லாம் அவர் கை. புரோகிராம் எழுதறதும் கஸ்டமர்கிட்டச் சண்டை போடறதும் நான். ரெண்டாவது வேலை எனக்கு நல்லா வரும்னு அவரே சொல்லுவார். வாட்ச்டாக்குங்கற பேர் அவருக்குப் பிடிக்கலை, "நாய்ப் பொட்டி"ன்னே கூப்பிட ஆரம்பிச்சு, இப்ப கஸ்டமரும் அப்படித்தான் கேக்கறாங்க. அந்த நாய்ப் பொட்டி ஒரு கல்யாணத்தைக் காப்பாத்தின கதை இது.

ஊரை விட்டு நகராத சரசக்கா

சரசக்காவுக்குப் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை. நாலு பக்கமும் அடைச்ச ஷெட்டு. ஒரு கோடியில பெரிய பெரிய ஃபேன் காத்தை வெளிய இழுக்கும், மறு கோடியில நனைஞ்ச அட்டை வழியா குளுந்த காத்து உள்ள வரும். எந்த ஃபேன் எப்ப ஓடணும், எப்பத் தண்ணி விடணும்ங்கறதை எல்லாம் சுவத்துல மாட்டின ஒரு கன்ட்ரோலர் முடிவு பண்ணும். அது ஹேங் ஆனா ஃபேன் நிக்கும். சன்னலே இல்லாத ஷெட்டு, வெளிய சித்திரை வெயில். ஒரு டீ குடிச்சுட்டு வர்ற நேரம் போதும், கோழி எல்லாம் வாயைப் பொளந்துட்டுச் சாஞ்சுரும்.

போன வருசம் அப்படி ஒரு பேட்ச் கோழி மொத்தமாப் போச்சு. அக்காவும் அவங்க ஊட்டுக்காரரும் ஒரு எழவுக்குப் போய்ட்டுத் திரும்பறதுக்குள்ள முடிஞ்சுருச்சு. அலாரம் இருந்துச்சுங்க, இல்லாம இல்லை. ஆனா அலாரத்தை அடிக்கச் சொல்ல வேண்டியதும் அதே கன்ட்ரோலர்தான்! இந்த லட்சணத்துல அதைச் செஞ்ச கம்பெனி கடையை மூடிட்டுப் போயாச்சு. அன்னையிலிருந்து அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயும் போனதில்லை. காதுகுத்தோ சீரோ, ஒருத்தர் போனா ஒருத்தர் ஃபேன் சத்தம் கேக்கற தூரத்துலயே கெடக்கணும். சாப்பிட உக்காந்தாலும் ஒரு காது ஷெட்டுப் பக்கம்தான்.

இப்ப வைகாசியில அவங்க ஒரே தம்பிக்குக் கல்யாணம். எங்க பக்கத்துக் கல்யாணத்துல மாப்பிள்ளையோட அக்காவோ தங்கச்சியோ கூட உக்காந்து இணைச்சீர் செய்யணும். அதுக்கு அப்பறம்தான் முகூர்த்தம். அதனால அக்கா போயே ஆகணும். மச்சான்ங்கற முறைக்கு ஊட்டுக்காரரும் நின்னே ஆகணும். ஒத்தையில போனா ஒறம்பரைச் சொந்தபந்தம் வாயை மூடிட்டு இருக்குமா? ரெண்டு பேரும் போனா கோழியை யார் பாக்கறது? நான் மொதல் தடவை பண்ணைக்குப் போனப்ப அக்கா பொட்டியோட வெலையைக் கேக்கலை, கேரண்டியைக் கேக்கலை. கன்ட்ரோலரைக் கையை நீட்டிக் காட்டிச் சொன்னது இதுதான்: "என்ற தம்பிக்கு நாந்தானுங்க இணைச்சீர் செய்யோணும், இந்த மிசினு என்னைய உடுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க அம்மணி."

எந்திரிக்கறதுக்குள்ள மண்டையில ஒரு போடு

கோழி உயிர் விசயம், நேராக் கொண்டு போய் மாட்ட எனக்குத் தைரியம் வரலை. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்துச்சு. அதனால மொதல்ல உயிர் போகாத எடத்துல பழகிக்கலாம்னு காரமடைப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில மாட்டினேன். பாலோட தரத்தைப் பாத்துச் சீட்டுப் போடற கம்ப்யூட்டர் அது. வாரத்துல பாதி நாள் ஹேங் ஆகும், கேனோட வந்த சனம் வாசல்ல நின்னு திட்டும். கம்ப்யூட்டர் ஓடிட்டு இருக்கறப்பவே மாட்டினோம், சிக்னல் ஒழுங்கா வருதான்னு மட்டும் சோதிச்சோம், பிரமாதமா வந்துது, வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தாங்க.

அடுத்த நாள் காலையில போன். கம்ப்யூட்டர் ஆன் ஆகுதாம், ஆஃப் ஆகுதாம், மறுபடி ஆன் ஆகுதாம், ஆஃப் ஆகுதாம். கேன் எல்லாம் வரிசையில காத்துட்டு இருக்குது. பஸ்ல போறப்பவே எனக்குப் பொறி தட்டிருச்சு. அது அரதப்பழசு கம்ப்யூட்டர். ஆன் பண்ணா முழுசா முழிச்சு "நான் இருக்கேன்"னு சிக்னல் சொல்றதுக்கு ஒரு படி பால் காயற நேரம் ஆகும். என் பொட்டிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. முழிச்சுட்டு இருக்கறப்பவே "சத்தத்தைக் காணோமே, செத்துருச்சு"ன்னு கரண்டைப் பிடுங்கிருச்சு. மறுபடி கொடுத்துது, மறுபடி பிடுங்கிருச்சு. விட்டா பொழுதுக்கும் அதையேதான் பண்ணிட்டு இருந்திருக்கும். பொட்டிக்கும் என்னை மாதிரியே பொறுமை கெடையாதுன்னு ரபீக் அண்ணன் போன்ல சிரிக்கறார், எனக்குக் கோவமான கோவம்.

போய் ஒரே ஒரு விசயத்தை மாத்தினேன். கரண்ட் கொடுத்த பின்னாடி மொதல் சிக்னல் வர்ற வரைக்கும் பொட்டி நல்லா நிதானமாக் காத்திருக்கணும். ஒரு தடவை சிக்னல் வந்த பின்னாடிதான் டைமர் கணக்கு. கம்ப்யூட்டர் ஆற அமர எந்திரிச்சுது, மொதல் சீட்டு வெளிய வந்துது, அதுக்கப்பறம் இன்னிக்கு வரைக்கும் அங்கிருந்து ஒரு கம்ப்ளெயிண்ட் கிடையாது. வரிசையில மொதல்ல நின்ன அம்மா கேனைத் தூக்கி வெச்சுட்டு எங்கிட்டச் சொன்னாங்க: "ஏனுங்க அம்மணி, அது எந்திரிக்கறதுக்குள்ள மண்டையில ஒரு போடு போட்டா எப்புடீங்க எந்திரிக்கும்?"

காங்கேயத்து மரியாதை

ரெண்டாவதாப் பழகினது காங்கேயத்துல ஒரு தேங்கா எண்ணெய் மில்லுல. கொப்பரை லாரியை எடை போடற கம்ப்யூட்டர். இந்தத் தடவை பொட்டி பிசிறில்லாம வேலை செஞ்சுது. கம்ப்யூட்டர் நின்னா ஆஃப் பண்ணும், பொறுக்கும், ஆன் பண்ணும். லாரிக்காரங்க ஹாரன் அடிக்கறதே கொறைஞ்சு போச்சு. நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். அப்பத்தான் மில் மொதலாளி கூப்பிட்டார். நல்ல வயசானவர், எறும்பு குறுக்க வந்தாலும் "வழி உடுங்க சாமி"ங்கற ஆளு.

"பொட்டி வேலை எல்லாம் சுத்தமுங்க. ஆனா ஒரு கொறை. நேத்து ஒறம்பரை ரெண்டு பேரு உக்காந்து பேசிட்டு இருந்தமுங்க. ஸ்க்ரீன் பொசுக்குனு அணைஞ்சு போச்சு. ஊட்டுக்கு வந்த சனத்துக்கு எப்புடி இருக்குமுங்க? ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு அணையலாமில்லீங்களா?"

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. ஹேங் ஆன கம்ப்யூட்டரை மரியாதையோட ஆஃப் பண்ணணுமாம்! நான் என்னமோ சொல்ல வாயைத் தொறந்தேன், ரபீக் அண்ணன் முந்திட்டார். "செஞ்சுடலாமுங்க, நீங்க சொன்னா சரிதான்"னுட்டார். பட்டறைக்கு வந்து ஒரு சின்ன டிஸ்ப்ளேயும் ஒரு பஸ்ஸரும் சேர்த்தோம். கரண்டைத் துண்டிக்கறதுக்கு முன்னாடி மெல்லக் கூவும். டிஸ்ப்ளேயில எழுத்து ஓடும்: "ஏனுங்க, கம்ப்யூட்டர் பேச்சு மூச்சில்லீங்க. நிறுத்திப்போட்டு மறுக்கா ஆரம்பிக்கறனுங்க." சிம் கார்டு போட்டா அதே வாசகம் போனுக்கும் வரும். நக்கலுக்குத்தாங்க அப்படி எழுதினேன். ஆனா மாட்டின பின்னாடி பாத்தா, எடை போடற பையன்ல இருந்து லாரி டிரைவர் வரைக்கும் அதைப் படிச்சுட்டுக் கொஞ்சம் நகந்து நிக்கறாங்க, பாதியில எவனும் கீபோர்டைத் தட்டறதில்லை. முன்னெல்லாம் அது முழிக்கறதுக்குள்ள ஆளாளுக்குத் தட்டித்தான் மறுபடி குழப்பி விடுவாங்க. மொதலாளி கண்ணாடியைப் போட்டு நிதானமாப் படிச்சுட்டுச் சொன்னார்: "இப்பத்தானுங்க பொட்டி நம்மூர்ப் பொட்டி ஆச்சு."

லைட்டு எரியுது, ஆள் இல்லை

ரெண்டு எடத்துல ஜெயிச்ச தெம்புல சரசக்கா பண்ணையில மாட்டினோம். கல்யாணப் பத்திரிகை அதுக்குள்ள அடிச்சாச்சு, மொதப் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வெச்சாச்சு. கன்ட்ரோலர் ரொம்பப் பழசுங்கறதால "நான் இருக்கேன்"னு சிக்னல் அனுப்பறதுக்குத் தனியா வழி இல்லை. ஆனா அது மேல ஒரு பச்சை லைட்டு உண்டு. ஓடிட்டு இருக்கறப்ப மினுக்கு மினுக்குன்னு மின்னும். அந்த லைட்டுல இருந்தே ஒரு ஒயர் எடுத்துப் பொட்டிக்குக் கொடுத்தோம். மின்னற வரைக்கும் உயிர் இருக்குது, மின்னறது நின்னா போச்சு. நல்ல ரோசனைதானுங்களே?

நாலஞ்சு நாள்ல அக்காகிட்ட இருந்து போன். குரல்லயே அனல். ஃபேன் எல்லாம் நின்னு போய், அக்கா கஞ்சிச் சட்டியைப் போட்டுட்டு ஓடி, கையால ஸ்விட்சைத் தட்டித்தான் கோழியைக் காப்பாத்தியிருக்காங்க. பொட்டி கம்முன்னு இருந்துதாம். நாங்க போய்ப் பிரிச்சுப் பாத்தா அட கெரகமே! அந்தப் பச்சை லைட்டை மின்ன வைக்கறது கன்ட்ரோலரோட மூளை இல்லை. ஓரத்துல தனியா ஒரு கடிகாரம் மாதிரி ஓடிட்டு இருக்கற சின்ன வேலை அது. மூளை நின்னு போனாலும் அது பாட்டுக்கு மின்னிட்டே இருக்கும். கன்ட்ரோலரைச் செஞ்ச மகராசன் பச்சை லைட்டை வெச்சு ஊரையே ஏமாத்தியிருக்கான், அதுல நானும் ஒருத்தி. எனக்கு அவன் சட்டையைப் பிடிக்கணும்போல இருந்துச்சு. கடைதான் மூடியாச்சே, யார் சட்டையைப் பிடிக்கறது?

அங்கயே ஷெட்டு வாசல்ல உக்காந்து முடிவு பண்ணினேன். இனி இந்தக் கன்ட்ரோலர் சொல்ற எதையும் நம்பப் போறதில்லை, அது செய்யற வேலையை மட்டும்தான் பாக்கணும். அதோட வேலை ஃபேனை ஓட்டறது. வளந்த கோழி இருக்கற ஷெட்டுல எப்பவும் ஒரு ஃபேனாவது ஓடணும். ஃபேனுக்குப் போற ஒயர் மேல ஒரு வளையத்தை மாட்டினா உள்ள கரண்ட் ஓடுதா இல்லையான்னு அது சொல்லிரும். ஓடலைன்னா லைட்டு மின்னட்டும், பாட்டே பாடட்டும், பொட்டி பிடுங்கி மாட்டும். ரபீக் அண்ணன் அப்பவே ஏணி போட்டு வளையத்தை மாட்டினார். கீழ நின்ன அக்கா நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, கோவம் இன்னும் எறங்காமச் சொன்னாங்க: "லைட்டு எரிஞ்சா ஊட்ல ஆள் இருக்குதுன்னு அர்த்தமுங்களா அம்மணி? நாங்கூடத்தான் லைட்டப் போட்டுப்போட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவேன்."

எல்லாரும் ஒண்ணா மோட்டார் எடுத்து உடுங்க

சரி, மாட்டியாச்சு. வேலை செய்யுமான்னு எப்படிப் பாக்கறது? தானா ஹேங் ஆகற வரைக்கும் காத்திருந்தா கல்யாணமே முடிஞ்சுரும். நம்மளே ஹேங் பண்ணணும். அதுக்கு ஏன் ஹேங் ஆகுதுன்னு தெரியணும். கரண்ட் போனா ஹேங் ஆகுதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஆனா கரண்ட் போனா ஜெனரேட்டர் உடனே எடுத்துக்குது, கன்ட்ரோலர் சமத்தா ஓடுது. நான் பண்ணையில உக்காந்து கவனிச்சேன். பிரச்சினை கரண்ட் போறப்ப இல்லீங்க, வர்றப்பத்தான்!

சுத்தி இருக்கற தோட்டத்துல எல்லாம் கெணத்து மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர். எப்பக் கரண்ட் வந்தாலும் மோட்டார் தானா ஓடட்டும்னு எல்லாரும் ஆட்டோவுலயே போட்டு வெச்சிருக்காங்க. கரண்ட் வந்த ஒடனே அத்தனை மோட்டாரும் ஒரே மூச்சுல எந்திரிக்கும், வோல்டேஜ் தடால்னு சரியும். சரியா அந்நேரத்துலதான் நம்ம ஷெட்டு ஜெனரேட்டரை விட்டு ஈ.பி. கரண்டுக்கு மாறும். அந்தச் சரிவுல கன்ட்ரோலர் பாதி உயிரும் பாதி சாவுமா நின்னுரும், ஃபேன் எல்லாம் விட்டுப் போயிரும். கண்டுபிடிச்சதும் நான் ஷெட்டு வாசல்ல குதிச்ச குதியில கட்டிக் கெடந்த எருமை மெரண்டு போச்சு.

அப்ப ஹேங் பண்றது சுலபம். சுத்தி இருக்கற தோட்டத்துக்காரங்க வாட்ஸாப் குரூப்புல அக்கா பேசி அனுப்பினாங்க: "எல்லாரும் ஸ்டார்ட்டர்கிட்ட வந்து நில்லுங்க, நான் சொன்னதும் ஒண்ணா மோட்டார் எடுத்து உடுங்க, என்ற தம்பி கல்யாணத்துக்கு நான் போகோணும்." நம்ம ஊர்ல இதுக்கு ஆள் வராம இருப்பாங்களா? ஒருத்தர் விடாம வந்து நின்னாங்க. "ரெடிங்க", "நானும் ரெடிங்க", "சித்தே இருங்க, செருப்ப மாட்டிக்கறேன்"னு குரூப்பு பூரா சத்தம். அக்கா "உடுங்க!"ன்னாங்க. லைட்டு மங்குச்சு. ஃபேன் ஒவ்வொண்ணாக் கதறி நின்னுச்சு. பச்சை லைட்டு மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி மினுக்கு மினுக்குங்குது. அக்கா கை ஸ்விட்சு மேல. "தொடாதீங்க, தொடாதீங்க"ன்னு நான் கத்தறேன். ஷெட்டுக்குள்ள அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை, கோழி மூச்சு வாங்கறது மட்டும்தான் கேக்குது.

பொட்டி கூவுச்சு. "ஏனுங்க, கன்ட்ரோலர் பேச்சு மூச்சில்லீங்க"ன்னு எழுத்து ஓடுச்சு. கரண்டைத் துண்டிக்கற ரிலே டப்புன்னு விழுந்துச்சு, பொறுத்துச்சு, மறுபடி டப்புன்னு எந்திரிச்சுது. கன்ட்ரோலர் முழிச்சுது. மொத ஃபேன் சுத்துச்சு, அப்பறம் ரெண்டாவது, அப்பறம் எல்லாமே. அக்கா ஸ்விட்சை விட்டுட்டு எங் கையைப் பிடிச்சாங்க. ரபீக் அண்ணன் ஏணி மேல இருந்தே விசிலடிச்சார். திரும்பத் திரும்ப ஹேங் பண்ணிப் பாத்தோம், ஒரு தடவை கூடப் பொட்டி தப்பலை. ஜெயிச்ச சந்தோசத்துல நாங்க டீ வெச்சுக் குடிச்சுட்டு ஊரையே மறந்துட்டோம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் குப்புசாமி மாமா போன் பண்ணினப்பத்தான் ஞாபகம் வந்துது. அவர் அப்பவும் மரியாதை கொறையாமக் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, கோழி பொழச்சுருச்சுன்னா மோட்டார நிறுத்திக்கட்டுங்களா? வாழைக்குப் பாஞ்ச தண்ணி தார் ரோட்டுக்கு வந்துருச்சுங்க."

இணைச்சீர்

கல்யாணம் காங்கேயம் ரோட்டுல ஒரு மண்டபத்துல. அக்காவும் ஊட்டுக்காரரும் ஒரே வண்டியில, ஒண்ணா வந்து எறங்கினாங்க. அதைப் பாக்கவே எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. தீவனம் தண்ணி பாத்துக்கறது குப்புசாமி மாமா. கன்ட்ரோலர் அவருக்குத் தெரியாது, தொடவும் வேண்டாம்னு சொல்லியாச்சு. பொட்டியோட மெசேஜ் எம் போனுக்கு வர்ற மாதிரி போட்டிருந்தோம். "என்ற போனு பையில எங்கயோ கெடக்குமுங்க, நீங்களே பாத்துக்கோங்க"ன்னு அக்கா சொல்லிட்டாங்க. நானும் ரபீக் அண்ணனும் மொத வரிசையில உக்காந்தோம்.

இணைச்சீர் தொடங்குச்சு. அக்கா பட்டுச்சேலையும் நகையுமாக் கல்யாணப்பொண்ணு கணக்கா இருந்தாங்க. கூறைச் சேலையோட ஒரு தலைப்பு தம்பி கையில, மறு தலைப்பு அக்காகிட்ட. சீர் நடத்தற அருமைக்காரர் ஒவ்வொண்ணாச் சொல்லிட்டு இருக்கார். மேளம் மண்டபத்தைத் தூக்குது. எம் மடியில போன் அதிந்துச்சு.

"ஏனுங்க, கன்ட்ரோலர் பேச்சு மூச்சில்லீங்க. நிறுத்திப்போட்டு மறுக்கா ஆரம்பிக்கறனுங்க."

பல்லடத்துல கரண்ட் போய் வந்திருக்குது, அத்தனை மோட்டாரும் எந்திரிச்சிருக்குது, ஃபேன் நின்னுருச்சு. அடுத்து "ஃபேன் ஓடுதுங்க"ன்னு இன்னொரு மெசேஜ் வரணும். வரலை. ரபீக் அண்ணன் வண்டிச் சாவியைக் கையில எடுத்துட்டார். "போனாலும் ஆகாதுண்ணா, நாம போறதுக்குள்ள முடிஞ்சுரும்"ன்னேன். ஃபேன் ஸ்விட்சையாவது கையால தட்டச் சொல்லலாம்னு குப்புசாமி மாமாவுக்குப் போன் போட்டேன், மணி அடிச்சுட்டே இருக்குது, எடுக்கலை. மேடையைப் பாத்தேன். அக்காகிட்டச் சொல்றதா? சொன்னா சீரைப் பாதியில போட்டுட்டு எந்திரிச்சுருவாங்க, எந்திரிச்சும் ஒண்ணும் ஆகப் போறதில்லை. அக்கா ஊட்டுக்காரர் வாசல்ல நின்னு வர்ற சனத்தைக் கும்பிட்டுட்டு இருக்கார். அவர்கிட்டச் சொல்றதா? ரெண்டு பேரும் என்னை நம்பி வந்தவங்க. நான் போனையே வெறிச்சுப் பாத்துட்டு இருந்தேன். கன்ட்ரோலர் முழிக்க நேரம் ஆகும்னு எனக்கே நல்லாத் தெரியும், நானே எழுதினதுதான். தெரிஞ்சு என்ன பண்றது, மனசு கேக்குதா?

போன் அதிந்துச்சு. "ஃபேன் ஓடுதுங்க."

"ஓடிருச்சூ!"ன்னு கத்திட்டேன் நான். மேளக்காரர் மேளத்தை நிறுத்திட்டார். அருமைக்காரர் திரும்பிப் பாக்கறார், மண்டபமே திரும்பிப் பாக்குது. யார் யாரோட ஓடிப் போனதுன்னு பின்வரிசையில குசுகுசுன்னு ஆரம்பிச்சுருச்சு. எனக்கு வெக்கமாவும் இருக்குது, அழுகையாவும் வருது, சிரிப்பாவும் வருது. அக்கா மட்டும் மேடையில இருந்து என்னையே பாத்தாங்க. நான் போனைத் தூக்கிக் காட்டித் தலையை ஆட்டினேன். அவங்க கூறைச் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடிச்சுட்டு, தம்பி பக்கம் திரும்பி உக்காந்துட்டாங்க. சீர் ஒரு கொறையும் இல்லாம முடிஞ்சுது. ரபீக் அண்ணன் வெளிய போய்க் குப்புசாமி மாமாவுக்குப் போன் போட்டார். அவர் ஷெட்டுக்குள்ள போய் ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டு, ஒரு கோழிக்கும் ஒண்ணும் இல்லைன்னு சொன்னார்.

முகூர்த்தம் முடிஞ்சு பந்தியில உக்காந்திருந்தப்ப அக்கா எங்களைத் தேடிட்டு வந்தாங்க. எம் போனை வாங்கி ரெண்டு மெசேஜையும் படிச்சாங்க. மறுபடியும் படிச்சாங்க. ஊட்டுக்காரரைக் கையைப் பிடிச்சு இழுத்து அவரையும் படிக்க வெச்சாங்க. அவர் படிச்சுட்டு எங்க எலையில இன்னொரு லட்டை எடுத்து வெச்சார். நாளைக்குப் பொண்ணு ஊட்ல மறுவீட்டு விருந்து. முறைப்படி ரெண்டு பேரும் போகணும், ஆனா முகூர்த்தம் முடிஞ்ச கையோட பண்ணைக்குத் திரும்பிடறதாத்தான் அவங்க கெளம்பறப்பவே சொல்லியிருந்தாங்க. அக்கா போனை எங் கையில திருப்பிக் கொடுத்துட்டு, மண்டபத்துக்கே கேக்கற மாதிரி சொன்னாங்க: "அப்பறம் என்னுங்க அம்மணி, நாங்க ரெண்டு பேரும் மறுஊட்டு விருந்தையும் முடிச்சுப்போட்டே வாரமுங்க!"

நான் பந்தியில ரெண்டாவது தடவை பாயசம் வாங்கிட்டு உக்காந்திருக்க, அங்க பண்ணையில எம் பொட்டி எனக்குப் பதிலா வேலை பாத்துட்டு இருக்குதுன்னா, இதைவிடச் சொகுசான உத்தியோகம் இந்தக் கொங்கு நாட்டுல இன்னொண்ணு இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறேன்.